புது ஓட்டுநருக்குப் பழைய வண்டியா?

லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிவிடும். அப்பாவுக்கு மைலேஜ் முக்கியம். மாமா, விற்கும்போது என்ன விலைக்குப் போகும் என்று இப்போதே கேட்பார். சித்தப்பா தன்னிடம் இருக்கும் கம்பெனி வண்டியையே வாங்கச் சொல்வார். ஆனால் எல்லோரும் சேர்ந்து சொல்வது ஒன்று உண்டு: "முதல்ல பழசு ஒண்ணு வாங்கி ஓட்டு. நாலு இடத்துல இடிச்சுப் பழகினதுக்கு அப்புறம் புதுசு பாத்துக்கலாம்."

தமிழ்நாட்டில் முதல் கார் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் இதைவிடப் பரவலானது எதுவும் இல்லை. இதில் பாதி அனுபவ ஞானம். மறு பாதி ஆபத்தானது. புதிதாக ஓட்டுகிறவர் வண்டியைக் கீறுவார், உரசுவார், கிளட்சைத் தேய்ப்பார். அதற்குப் புது வண்டியைப் பலி கொடுக்க வேண்டாம் என்பது நியாயம். ஆனால் அதே ஆள்தான் பைபாஸில் லாரி திடீரென்று நின்றால் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கப்போகிறவர். வீட்டிலேயே அனுபவம் குறைந்த ஓட்டுநரின் கையில் வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த வண்டியைக் கொடுப்பதில்தான் அந்த அறிவுரை தடம் மாறுகிறது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். பழசா புதுசா என்பதை அப்புறம் பார்க்கலாம். பழசு என்றால் எந்த ஆண்டுக்குப் பிறகு செய்த பழசு என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

இந்த அறிவுரை பிறந்த காலத்தில் அது தவறாக இருக்கவில்லை. 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்கு முன் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டியரிங் கனம், கார் வைத்திருந்த வீடுகளில் பலவற்றில் டிரைவரும் இருந்தார். 796 சிசி எஞ்சினோடு வந்த அந்தச் சின்ன வண்டிதான் சொந்தமாக ஓட்டிக்கொள்ளலாம் என்ற துணிச்சலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுத்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை முப்பது ஆண்டுகள் அதுவே ஊரெங்கும் பழகும் வண்டி. பானெட் குட்டை, கண்ணாடி பெரிது, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது. அறுபதைத் தாண்டினால் வேகம் என்று எண்ணிய இருவழிச் சாலைகளில் அது போதுமானதாக இருந்தது. இன்று தாம்பரம் தாண்டினால் திருச்சிவரை நான்கு வழிச் சாலை. பெருங்களத்தூரில் ஏறியவுடன் சுற்றியுள்ள எல்லோரும் நூறில் போகிறார்கள். சாலை மாறிவிட்டது. அறிவுரை மட்டும் மாறவில்லை.

2014ஆம் ஆண்டு குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். சோதித்தவை ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் வாங்கியதும் அவற்றைத்தான். அதன் பிறகு நிலைமை மெல்ல மாறியது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு ஆனது. 2020 தொடக்கத்தில் அல்ட்ராஸுக்கு ஐந்து, சின்ன வண்டியான டியாகோவுக்கு நான்கு.

அரசு விதிகளும் மாறின. முதல் கார் வாங்குகிறவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய தேதிகள் இரண்டு உண்டு என்பேன். 2019 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து தயாராகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை மணி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். ஏபிஎஸ் அதற்குச் சில மாதம் முன்பு ஏப்ரலிலேயே கட்டாயமாகிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் இருந்தாக வேண்டும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர் ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு நிற்காமல் தயாரித்த மாதத்தையும் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் பதிவான வண்டி அந்த ஆண்டு மே மாதமே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கலாம்.

2019 ஜூலைக்கு முந்தைய எல்லா வண்டிகளும் மோசம் என்று சொல்லவில்லை. உயர் மாடல்களில் அப்போதே ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்தன; போலோவில் 2014 சோதனைக்குப் பிறகு எல்லா மாடலுக்கும் இரண்டு ஏர்பேக் வந்துவிட்டது. ஆனால் அதை மாடல் மாடலாகத் தேடி உறுதிசெய்ய வேண்டும். தேதிக்குப் பிந்தைய வண்டியில் அந்தத் தேடல் தேவையில்லை.

ஏபிஎஸ் ஏன் புதியவருக்கு இவ்வளவு முக்கியம்? அனுபவம் உள்ளவர் ஆபத்தில் பிரேக்கை அளந்து மிதிப்பார். புதியவர் முழுப் பலத்தோடு மிதிப்பார். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அப்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டே போகும். மழை பெய்து முதல் பத்து நிமிடம், சாலையில் எண்ணெய்ப் படலம் மிதக்கும் நேரத்தில் இது இன்னும் மோசம். ஏபிஎஸ் சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அதனால் முழுதாக மிதித்துக்கொண்டே குறுக்கே வந்த பைக்கைத் தவிர்த்து வளைய முடியும். அப்போது பெடல் காலடியில் அதிரும். அது தெரியாமல் பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வண்டி வாங்கிய முதல் வாரமே, காலியான சாலையில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒருமுறை அழுத்தி மிதித்து அந்த அதிர்வைப் பாதத்துக்குப் பழக்கிவிட வேண்டும். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இதைச் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதலும் சேர்ந்தது. எனவே 2020இல் வாங்கிய நான்கும் 2024இல் வாங்கிய நான்கும் ஒன்றல்ல. 2023 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் நம்முடைய சொந்தத் தரமதிப்பு. ஆனால் அதில் சேர்வது கம்பெனியின் விருப்பம். சோதனைக்கே வராத வண்டி என்றால் அது ஏன் வரவில்லை என்று ஷோரூமில் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

சீட் பெல்ட் போடாதவருக்கு இவை எதுவும் உதவாது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105உடன் முதலிடம். அதே ஆண்டில் சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384. உடன் பயணித்தவர்கள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி. பின் இருக்கையில் உட்காரும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பெல்ட் எதற்கு என்று கேட்கும் வீடுகள் இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். வண்டி பார்க்கப் போகும்போது பின் இருக்கையில் உட்கார்ந்து நடு ஆளுக்கு எப்படிப்பட்ட பெல்ட் என்று இழுத்துப் பாருங்கள். பழைய சின்ன வண்டிகளில் பலவற்றில் அது இடுப்போடு நின்றுவிடும்.

இனி, அந்த அறிவுரையின் சரியான பாதிக்கு வருவோம். புதியவர் எங்கே, எப்படி இடிக்கிறார்? பெரும்பாலும் பத்து கிலோமீட்டர் வேகத்துக்குள். வீட்டு கேட்டைத் தாண்டும்போது இடது பின்கதவு தூணில் உரசும். ரிவர்ஸில் தண்ணீர்த் தொட்டி. மயிலாப்பூர் மாட வீதியிலோ மதுரையின் உள் வீதிகளிலோ எதிரே ஆட்டோ வந்துவிட்டால் இடது ஓரம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் திகைப்பது. இது திறமைக் குறைவல்ல. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்றுநரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கின்றன. நாம் ஓட்டினோம் என்று நினைத்த தூரத்தில் ஒரு பங்கை அவர் கால் ஓட்டியிருக்கிறது. அவர் இல்லாமல் உட்காரும் முதல் நாளில்தான் வண்டியின் அகலம் உண்மையில் எவ்வளவு என்ற கேள்வியே எழுகிறது.

ஆகவே மைலேஜுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை அகலம், திரும்பும் வட்டம், உட்காரும் உயரம், கண்ணுக்குத் தெரியும் பரப்பு. ஆல்டோ கே10இன் அகலம் 1,490 மில்லிமீட்டர், வேகன் ஆர் 1,620, டியாகோ 1,677, ஸ்விஃப்ட் 1,735, நெக்ஸான் 1,804. ஆல்டோவுக்கும் நெக்ஸானுக்கும் இடையில் ஓர் அடிக்கு மேல் வித்தியாசம். எட்டடிக் கேட்டுக்குள் நுழையும்போது இந்த ஓர் அடிதான் பெயின்டைக் காப்பாற்றும். திரும்பும் ஆரம் ஆல்டோவுக்கு 4.5 மீட்டர், வேகன் ஆருக்கு 4.7, ஸ்விஃப்டுக்கு 4.8, நெக்ஸானுக்கு 5.1. முட்டுச்சந்தில் ஒரே மூச்சில் திரும்புவதற்கும் மூன்று முறை முன்னும் பின்னும் போய் வருவதற்கும் இடையில் இருப்பது இந்த அரை மீட்டர்தான். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அது பெரிய தூரம்.

உயரமான இருக்கை என்பதால் பலர் முதலிலேயே எஸ்யூவி மாதிரியான வண்டிக்குப் போகிறார்கள். சாலை நன்றாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பானெட் உயர்ந்து, பின் கண்ணாடி சிறுத்து, கதவுத் தூண்கள் தடித்து, வண்டியை ஒட்டி நிற்கும் குழந்தையோ ஸ்கூட்டரோ மறைந்துபோவதும் உண்மை. ஷோரூமில் இதை எளிதாகச் சோதிக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கூட வந்தவரை வண்டிக்கு முன்னால் குந்தி உட்காரச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் தள்ளிப் போன பிறகு அவர் தலை தெரிகிறது என்று பாருங்கள். பிறகு பின்னாலும் அதே போல. வண்டிக்கு வண்டி வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

இருக்கை உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பல வண்டிகளின் அடிப்படை மாடலில் கிடையாது. இதை நான் பெரிய குறையாக நினைக்கிறேன், ஏனென்றால் இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐந்தடி உயரமுள்ளவர் தலையணை போட்டு உட்கார்ந்து, பெடல் எட்டுவதற்காக இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டால் நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்கிவிடும். ஏர்பேக் கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரிவது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். வீட்டில் யார் அதிகம் ஓட்டப்போகிறாரோ அவர்தான் டெஸ்ட் டிரைவுக்குப் போக வேண்டும். மனைவி தினமும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டப்போகும் வண்டியைக் கணவர் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

எத்தனை பேருக்கான வண்டி என்பதிலும் இதே குழப்பம். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேர் போவதை மனதில் வைத்து ஏழு இருக்கை வண்டி பார்க்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு ஓர் இன்னோவாவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதி நாளெல்லாம் அந்த நீளத்தைப் புதியவர் தெருவில் திருப்ப வேண்டும்.

கியரா, ஆட்டோமேட்டிக்கா? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆட்டோமேட்டிக் பணக்காரர்களின் வண்டி. 2014இல் செலெரியோவில் ஏஎம்டி வந்த பிறகு சின்ன வண்டியிலும் அது கைக்கு எட்டியது. ஏஎம்டி என்பது அதே கியர் பெட்டிதான்; கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதில் ஓர் இயந்திரக் கை செய்கிறது. அதனால் விலையும் பராமரிப்பும் குறைவு, மைலேஜும் அவ்வளவாகக் குறையாது. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் உண்டு. சிவிடி அதைவிட வழுக்கலாக ஓடும், விலை கூடுதல். இரட்டைக் கிளட்ச் வகை வேகமானது, ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். பழுதானால் செலவு பல மடங்கு. முதல் காரில், அதுவும் செகண்ட் ஹேண்டில், அதைத் தவிர்ப்பதே நல்லது.

"கியர் வண்டி ஓட்டினால்தான் டிரைவிங்" என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் கார் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக் தனி, கியர் தனி என்ற பிரிவும் இல்லை. கத்திப்பாராவில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டிருக்கும் புதியவரின் கவனத்தில் பாதி இடது காலில் இருக்கிறது. அந்தப் பாதி சாலைக்குத் திரும்பினால் நல்லதுதான். இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். கியர் வண்டியில் பதறும் ஆள் இரண்டு காலையும் ஒன்றாக மிதித்துவிடுவார். கிளட்சும் அமுங்குவதால் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகாது. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் தடுக்க எதுவும் இல்லை. வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும், இடது காலுக்கு வேலையே இல்லை என்பது முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும். அடுத்தது ஏற்றம். மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஹில் ஹோல்டு இல்லாத ஏஎம்டி பின்னால் உருளும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் உள்ளே கிளட்ச் எரியும். ஹேண்ட் பிரேக் போட்டு எடுப்பதே முறை. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் நாற்பதிலோ இறங்கும்போது, கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டாவதில் பிடித்து எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தத் தெரியாதவர் மலைக்கு ஓட்டிப் போகக் கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

எரிபொருள் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓட்டப்போகும் புதியவருக்குப் பெட்ரோல் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தெருமுனைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டி அடைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும். மின்சாரக் கார் புதியவருக்கு உண்மையிலேயே சுலபம்: கிளட்ச் இல்லை, ஏற்றத்தில் அணைந்துபோகாது. ஆனால் மிதித்த உடனே பாய்கிற சுபாவமும் சத்தமின்மையும் பழக வேண்டியவை. சொந்தமாக மூடிய பார்க்கிங்கும் அங்கே ஒரு பிளக் பாயின்ட்டும் இருப்பவர் தயங்க வேண்டாம். அடுக்குமாடியில் சங்கத்தின் அனுமதிக்குக் காத்திருப்பவர் முதலில் அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஷோரூமுக்குப் போகலாம்.

இப்போது பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் உள்ள சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்துப் பெட்ரோல் வண்டிக்கு 29. புது வண்டி விலை இறங்கினால் செகண்ட் ஹேண்ட் விலையும் இறங்கத்தான் வேண்டும். பழைய விலையையே சொல்லும் புரோக்கரிடம் இதை வைத்துப் பேசலாம். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பரில் உயர்ந்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆறு லட்சம் என்று விளம்பரத்தில் பார்க்கும் வண்டிக்கு வரி மட்டுமே 78,000 ரூபாய். அதற்கு மேல் காப்பீடு, பதிவுக் கட்டணம், ஷோரூம்காரர் கேட்காமலே சேர்த்த சீட் கவர், மேட். ஆன் ரோடு விலையை வரி வரியாக எழுதி வாங்குங்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடனில் வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுகிறார். 5 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 10,380 ரூபாய். ஏழு ஆண்டுக்கு 8,045. மாதம் இரண்டாயிரத்து முந்நூறு மிச்சம் போலத் தெரியும். மொத்த வட்டி முன்னதில் 1.23 லட்சம், பின்னதில் 1.76 லட்சம். முதல் காரை ஏழு ஆண்டு வைத்திருப்பவர்கள் குறைவு. மூன்று நான்கு ஆண்டில் மாற்றத் தோன்றும்போது கடன் பாக்கி வண்டியின் விலையை நெருங்கி நிற்கும்.

வண்டியின் மதிப்பு எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்குக் காப்பீட்டுக் கணக்கே சாட்சி: ஓராண்டு முடிந்த வண்டிக்கு 20 சதவீதம், மூன்றாண்டு முடிந்ததற்கு 40 சதவீதம் கழிக்கிறார்கள். இந்தச் சரிவை இன்னொருவர் தாங்கிய பிறகு வாங்குவதுதான் செகண்ட் ஹேண்டின் லாபம். மூன்று முதல் ஆறு வயதுக்குள், ஒரே ஓனர் கையில் இருந்த, 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான சின்ன பெட்ரோல் கார்: பெரும்பாலான புதியவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். கீறினாலும் மனம் நோகாது. மோதினாலும் ஏர்பேக் உண்டு.

ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்குவது தனி வித்தை. நம் ஊருக்கென்று சில ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. காப்பீட்டுக் கம்பெனி முழு நஷ்டம் என்று கழித்த வண்டிகள் கழுவித் துடைத்து வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வருவது வழக்கம். தரை மேட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஏசி போட்டவுடன் பூஞ்சை வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். மூழ்கிய வண்டியின் வயரிங்கில் அரிப்பு மெல்ல மெல்லத்தான் வெளியே தெரியும். ஏர்பேக்கும் அந்த வயரில்தான் இயங்குகிறது.

அடுத்தது டாக்ஸியாக ஓடிய வண்டி. டி போர்டில் லட்சக்கணக்கில் ஓடிவிட்டு ஓன் போர்டாக மாற்றி விற்கிறார்கள். ஆர்.சி.யின் பழைய பதிவு, காப்பீட்டின் முந்தைய பாலிசி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ள வரலாறு மூன்றையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மீட்டரைக் குறைப்பது பரவலான மோசடி. உண்மையிலேயே முப்பதாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியின் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகவும் ஸ்டியரிங் தோல் பளபளப்பாகவும் இருக்காது. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வயதான டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். புது டயர் நான்குக்கும் ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

விபத்தில் சிக்கிய வண்டியைக் கண்டுபிடிக்கப் பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா? கண்ணாடிகளில் பொறித்த ஆண்டுக் குறிகள் ஒத்துப்போகின்றனவா? பானெட் திருகாணிகளில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா? பம்பர் மாற்றியிருந்தால் பயமில்லை. முன்புறச் சட்டம் வளைந்து டிங்கரிங் செய்திருந்தால் அடுத்த மோதலை அது தாங்காது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், ஏர்பேக் வெடித்த பிறகு மாற்றாமல் பல்பைக் கழற்றியிருக்கக்கூடும். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போகச் செலவாகும் ஆயிரமோ இரண்டாயிரமோ இந்தக் கொள்முதலிலேயே மதிப்புமிக்க செலவு.

வெளிமாநில வண்டி மலிவாக வரும். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று உத்தரவு வந்த பிறகு அந்த வண்டிகள் தெற்கே இறங்கின. தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றும் அலைச்சல் புதியவருக்கு வேண்டாம். அதுபோல 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அந்தக் கம்பெனியின் வண்டிகள் ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும், விலையும் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் அதை நன்கு அறிந்த மெக்கானிக் இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

காகிதங்களில் ஒருபோதும் தளரக் கூடாது. ஆர்.சி.யில் எச்.பி. (கடன் பதிவு) இருந்தால், கடன் அடைத்ததற்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். கையெழுத்து போட்ட படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தெளிவாக்கியது. விற்றவருக்கு அது தலைவலி. வாங்கியவரும் தப்ப முடியாது: பாலிசியை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றாதவரின் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது.

புது வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு நல்ல காலம் இது. 2025இல் ஆல்டோ கே10, வேகன் ஆர் போன்ற மலிவான வண்டிகளிலேயே ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. ஆனால் ஏர்பேக் எண்ணிக்கையும் உடல்கூட்டின் உறுதியும் வேறு வேறு. நட்சத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் விற்பனை மந்தம் என்பதால் தள்ளுபடி கிடைக்கும்; அதில் நட்டமில்லை. டிசம்பர் தள்ளுபடியில் எடுக்கும் வண்டியோ ஒரு மாதத்தில் போன வருட மாடல் ஆகிவிடும், விற்கும்போது தள்ளுபடியைவிட அதிகம் இழக்க நேரலாம். பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கையில் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது, 2012 மாடல் ஒன்று கிடைக்கிறது என்பவருக்கு என்ன சொல்வது? முடிந்தால் பொறுங்கள், சேர்த்து ஏர்பேக் உள்ள வண்டிக்கு வாருங்கள். பொறுக்க முடியாத தேவை என்றால் வாங்குங்கள், ஊருக்குள் ஓட்டுங்கள், பைபாஸில் ஏற்றாதீர்கள். வெளியூருக்கு ரயிலும் பேருந்தும் இருக்கின்றன.

முதல் இரண்டு ஆண்டுக்குக் காப்பீட்டில், அந்த வண்டிக்குக் கிடைக்குமானால், ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்த்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதிப் பணம் நம் கையிலிருந்து போகாது. வெள்ளம் வரும் ஊர்களில் எஞ்சின் பாதுகாப்பும் வேண்டும். தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதம் சாதாரணப் பாலிசியில் அடங்காது. சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட வேண்டாம். முதல் ஆண்டு கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த பிரீமியத்தில், மூன்றாம் நபர் பகுதி போக மீதியில், 20 சதவீதம் குறையும். ஐந்தாண்டு தொடர்ந்தால் 50. கேட்டில் உரசிய இடது கதவை ஓராண்டு அப்படியே விட்டுவைத்து, கை பழகிய பிறகு ஒரே தடவையாக டிங்கரிங், பெயின்டிங் செய்துகொள்ளலாம்.